தராசுக்காரர் இழுத்துப் பார்த்த வேர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மரவாடித் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நாற்காலி போதாமல் ஜன்னலோரம் நிற்கும் பெரியோர்களே, மேல்சரிவுக்குக் கீழே குடியிருக்கும் பதினோரு வீட்டுச் சொந்தங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கம் சொல்லவே எனக்கு ஐந்து நிமிடம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம்மை விட்டுப் போயிருக்கும் சரிவு அளவையாளர், ஊரே ‘தராசுக்காரர்’ என்று அழைத்த பெருந்தகை, என் தங்கையின் கணவர். நானோ முப்பது வருடம் இந்த மலையில் மரலாரி ஓட்டியவன். என் லாரி வருவதைக் கண்டால் கொண்டை ஊசி வளைவே நிமிர்ந்து வழிவிடும். அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. மரத்தை வெட்டினால் மலை சரியும் என்கிறார்களே, வெட்டிய அன்றே ஏன் சரிவதில்லை?

மேல்சரிவை மொட்டையடித்து ஆறு வருடம் ஆகிறது. கடைசி மரத்தை இறக்கியது என் லாரிதான். முதல் மழை வந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் மழை, மூன்றாம் மழை, அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. நாமெல்லாம் மறந்துவிட்டோம். இனி இந்தச் சரிவு அசையாது என்று ஊர் முழுக்கச் சொன்னவனும் நான்தான். மாப்பிள்ளை மறந்தாரா? மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு வருடம் தவறாமல் மேலே ஏறினார். வெட்டிய மரத்தின் வேர்களில் பென்சில் தடிமனில் ஒன்றைத் தேடிக் கொக்கியை மாட்டுவார். அறும்வரை இழுக்க ஆள் வேண்டுமே, அதற்கு நான். அவர் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

முதல் வருடம் எழுபது கிலோவில் அறுந்தது. மூன்றாம் வருடம் நாற்பது. ஐந்தாம் வருடம் இருபதிலேயே வந்துவிட்டது. வயது ஏற ஏற என் புஜபலமும் ஏறுகிறது என்று லாரி நிறுத்தம் முழுக்கச் சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். மருந்து பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியாத கை என்று என் தங்கை மட்டும் நம்பவில்லை.

இந்த வருடம் ஒற்றைக் கையால் இழுத்தேன். ஆறு கிலோ. நான் மல்லாந்து விழுந்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

“மச்சான், உங்க கை பலமாகலை. வேர் மக்கிப்போச்சு.”

புதிதாக நட்ட கன்றுகள் இருக்கின்றனவே என்றேன்.

“அதோட வேர் இறங்க இன்னும் பத்து வருஷம் ஆகும். பழசு விட்டுடுச்சு, புதுசு இன்னும் பிடிக்கலை. இப்ப இந்த மண்ணை யாருமே பிடிச்சுக்கலை மச்சான்.”

என்ன விந்தை பாருங்கள்! வெட்டுண்ட மரம் தன் வேரால் இத்தனை வருடம் நம் வீடுகளைத் தாங்கியிருக்கிறது. அதை நாம் மலையின் உறுதி என்று நினைத்தோம். பிறகு உச்சிக்குக் கூட்டிப்போய்ப் பிறை வடிவில் ஒரு வெடிப்பைக் காட்டினார். லாரியே உள்ளே போகும் என்று சொல்ல எனக்கு ஆசைதான். என் செருப்பு போனது. அது போதாதா?

அன்றே அவர் பதினோரு வீட்டுக் கதவையும் தட்டி, மழைக்கு முன்னால் காலி செய்யச் சொன்னார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஆறு வருஷம் நின்ற சரிவு இனிமேலா விழப்போகிறது, உங்க மச்சானே சொல்லிட்டாரே என்றீர்கள். திரும்பி வந்தவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பத்தாம் நாள் அவர் இதயம் நின்றுவிட்டது.

அந்தப் பதினோரு வீட்டில் ஒன்று அவருடையது. வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வா என்று இன்று காலை என் தங்கையைக் கூப்பிடப் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“நீ ஊருக்குச் சொன்னதை நீயே ஊர் நடுவுல மாத்திச் சொல்லுண்ணே. அப்பறம் நான் கிளம்பறேன். நான் மட்டும் தப்பிச்சு என்ன பண்ண?”

ஆகவே, என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்கிறேன்: நான் சொன்னது தப்பு. நின்ற வருடங்களைக் கூட்டி மலை உறுதி என்று கணக்குப் போட்டேன். வேர் அதே வருடங்களைக் கழித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடத் தராசை நான் பிடிக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு என் லாரி சரிவின் கீழே நிற்கும். பதினோரு வீட்டுச் சாமானும் ஏறும்வரை அது நகராது.

சபையில் சொல்லிவிட்டேன் தங்கச்சி. முதலில் உன் வீட்டுக் கட்டிலை ஏற்றலாமா?