தங்கச்சி போட்ட விலை

...அதத்தான் சார் நானும் கேக்குறேன், வெப்சைட்டுல விலை போட நாம என்ன சோப்பா விக்கிறோம்? உக்காருங்க, உக்காருங்க. ஐயோ, அதுல இல்ல! அது கஸ்டமரோடது, ஸ்பிரிங் குத்தும். இந்த முக்காலில உக்காருங்க. ஊரு பூரா சோபாவுக்கு மெத்தை தைச்சுக் குடுக்குறோம், நம்ம கடையில உக்கார ஒரு முக்காலிதான். சிரிக்காதீங்க.

உங்க நாற்காலிக்கு எவ்வளவு ஆகும்னுதானே கேட்டீங்க? சொல்றேன், சொல்றேன், என்ன அவசரம்? பிரிச்சுப் பாக்காம எப்படி சார் சொல்றது? டாக்டர் வயித்தத் தொட்டுப் பாக்காம மருந்து எழுதுவாரா? ...எழுதுறாங்கதான். அத விடுங்க.

எங்க வீட்டு மகாராணி ஒருத்தி இருக்கா. என் தங்கச்சி. துணி வெட்டுறது, தைக்கிறது எல்லாம் அவதான். ஸ்பிரிங் கட்டுறது, ஆணி அடிக்கிறது நான். அப்புறம் பேசுறதும் நான்தான்... அத நீங்களே பாக்குறீங்களே. ஆறு மாசம் முன்னாடி அவளுக்கு ஞானோதயம்! "அண்ணே, வெப்சைட்டுல விலையப் போட்டுரலாம்." ஏம்மா தாயே? "விலை தெரியாம வாசல்லயே நின்னுட்டுப் போயிடுறாங்கண்ணே." போகட்டுமே! வாசல் என்ன தேஞ்சா போகுது?

யாரோ ஒரு அம்மா மூணு தடவ வந்து நின்னாங்களாம். நாற்காலியப் படம் புடிச்சு ஃபோன்ல வச்சுக்கிட்டு. இவ போயிக் கூப்பிட்டா, "கேட்டுட்டுக் கட்டுப்படியாகலன்னா எப்படித் திரும்பிப் போறதுன்னு கூச்சமா இருக்கும்மா"ன்னாங்களாம். கூச்சமாம்! எங்கிட்ட வர்றவனுக்கு என்னைக்கு சார் கூச்சம் இருந்துச்சு? பாதி விலைக்குக் கேக்குறான். கேட்டுட்டு டீ வேற கேக்குறான்.

நான் ஆளப் பாத்து விலை சொல்றேன்னு வெளியில ஒரு பேச்சு. அண்டப் புளுகு. நான் நாற்காலியப் பாத்துதான் சொல்வேன். ஆளையும் லேசாப் பாப்பேன்... செருப்பப் பாப்பேன். நீங்க எதுக்குக் கால உள்ள இழுக்குறீங்க? நல்ல செருப்புதானே!

சரி, போட்டா. சாதா நாற்காலி இவ்வளவு. கை வச்சது இவ்வளவு. சோபான்னா ஒரு ஆள் உக்கார்ற இடத்துக்கு இவ்வளவு. துணி தனி. கீழ பொடி எழுத்துல, "பிரிச்சுப் பார்த்தபின் வேலை கூடினால் முதலிலேயே சொல்லிவிடுவோம்." ஆகா! பொடி எழுத்த எவன் படிக்கிறான்?

நாலாவது மாசம் ஒரு நாடகக்காரர் வந்தாரு. வண்டியில இருந்து என்னத்த இறக்குறாருங்கிறீங்க? சிம்மாசனம்! மூணு பேர் படுக்கலாம். "கை வச்ச நாற்காலி, உங்க பட்டியல்ல ரெண்டாவது"ங்கிறாரு. யோவ், இது நாற்காலியாய்யா? "ஏன், கை இருக்கே?" சிங்கத்தோட கை சார் அது! நகத்தோட! என் தங்கச்சி என்ன பண்ணணும்? விரட்டணுமா இல்லையா? விழுந்து விழுந்து சிரிக்கிறா. "பொடி எழுத்துலகூட சிம்மாசனம் வராதுன்னு நாம போடலயேண்ணே, போட்ட விலைக்கே செஞ்சு குடுத்துருவோம்." பதினோரு நாள் ஆச்சு. முதுகு ஒடிஞ்சுது. அந்த ராஜா நாலாவது காட்சியிலயே செத்துடுறாராம். அதுக்கு எதுக்கு சார் அவ்வளவு மெத்தை?

கூட்டம் வந்துச்சான்னா... வந்துச்சு. யாரு இல்லேன்னா? வாசல்ல நின்ன அந்த அம்மாவும் வந்தாங்க. ஆனா ஒருத்தன் எங்கிட்டப் பேசல சார்! முன்னெல்லாம் விலை கேக்கவாச்சும் அரைமணி நேரம் உக்காருவாங்க. நான் சொல்வேன், அவங்க இறக்குவாங்க, நான் கோவிச்சுக்குவேன், அவங்க எந்திரிச்சுப் போற மாதிரி போவாங்க... அது ஒரு மரியாதை. இப்ப நாற்காலிய இறக்கி வச்சுட்டு, "மேடம் இருக்காங்களா? வெப்சைட்ல பாத்தேன்"னு நேரா அவகிட்டப் போறாங்க. நான் சுத்தியலும் கையுமா நிக்கிறேன். நான் என்ன சட்டை மாட்டுற ஸ்டாண்டா?

அப்புறம் பொசுக்குன்னு நின்னு போச்சு. ரெண்டு மாசமா ஈ ஓட்டுறோம். ஃபோன் செத்த பாம்பு மாதிரி கெடக்கு. போன வாரம் அவ வந்து எதுக்க உக்காந்தா. "நீ சொன்னதுதாண்ணே சரி. விலையப் பாத்துப் பயந்துட்டாங்க போல. நாந்தான் கெடுத்துட்டேன்." நான் பெரிய மனுஷனாட்டம், "பரவால்ல விடு"ன்னேன். சொன்னேன் சார்... என் வாயாலயே சொன்னேன்.

திங்கக்கெழம கார் சீட்டு தைக்கிற ஃபேக்டரில சேர்றா. இப்பகூட அங்க கையெழுத்துப் போடத்தான் போயிருக்கா. ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு, எல்லாம் ஒரே அளவு. பதினஞ்சு வருஷத்துல ஒரே மாதிரி ரெண்டு தைக்காதவ. என்ன செய்வா? அவளுக்கு ரெண்டு புள்ளைங்க, படிக்குதுங்க. அவ ஒருத்தி சம்பாத்தியம்.

என்ன? ஃபோன்ல என்ன பாக்குறீங்க? ...ஓ. எங்க வெப்சைட்டா. "விலைக்கு நேரில் வரவும்"னு இருக்கா? ஃபோன் நம்பரும் இல்லையா?

ஆமா. இருக்காது.

விலையையும் நம்பரையும் எடுத்தது நாந்தான் சார். சிம்மாசனம் போன அன்னைக்கு. நேர்ல வரட்டும், உக்காந்து பேசட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசத்துல அப்படி நேர்ல வந்த மொத ஆளு நீங்கதான். வேலை இருந்தப்ப அவளுக்கு அதத் திறந்து பாக்க நேரம் இல்ல. வேலை நின்னதும் பாக்க மனசு இல்ல. தன்னாலதான் எல்லாம் போச்சுன்னு... ராத்திரி அழுதாளாம், அவ சின்னப் புள்ள சொல்லுச்சு. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வருது சார். இவ்வளவு பேசுற வாய்க்கு அது மட்டும் வரமாட்டேங்குது.

எந்திரிக்கிறீங்களா? இருங்க சார், விலை சொல்லிடுறேன். கை வச்சது ரெண்டாவது வரிசை, அவ போட்டதுதான், அதுக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன்... சார்! நாற்காலிய விட்டுட்டுப் போறீங்களே! வேலையக் குடுத்துட்டுப் போறீங்களா, எங்கிட்டருந்து தப்பிச்சு ஓடுறீங்களா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லிட்டுப்...

வாம்மா. வந்துட்டியா? யாரா? கஸ்டமர்தான். போயிட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டியா? ...நாளைக்கு வரச் சொன்னாங்களா! அப்பாடா. இல்ல, ஒண்ணும் இல்ல. பையக் கீழ வை. தண்ணி குடி.

கம்ப்யூட்டரத் திற. நம்ம வெப்சைட்டுக்குள்ள போ. என்னது, பாஸ்வேர்டு மறந்து போச்சா? எனக்குத் தெரியும், நான் சொல்றேன்.

...எனக்கு எப்படித் தெரியும்னா... நீ உக்காரு மொதல்ல.