தம்பியின் பெயரை நான்தான் தட்டச்சு செய்தேன்

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முடிந்து பெரிய வீதி தொடங்கும் இடம். வியாழக்கிழமை. காலை ஆறு இருபது. கோயிலில் முதல் பூசைக்கு மணி அடிக்கிறது. முன்னால் ஒரு வெள்ளை வான். அதன் கதவை இழுத்து மூடுகிறார்கள். மூடுமுன் உள்ளேயிருந்து என் தம்பி அன்ரன் கத்துகிறான்.

"அக்கா, வராதீங்க. அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போங்க."

பிறகு ஒரு சத்தம். ஈரமான சத்தம். அவன் வாயில் அடித்தார்கள். வான் போய்விட்டது. நம்பர் தகடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் மட்டும்.

வடக்கில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. கொழும்பில் ஷெல் விழவில்லை. வான் வந்தது.

அன்ரனுக்கு முப்பத்தொரு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். வேலைக்குக் கிளம்பியவனைத்தான் பிடித்தார்கள். அவனுடைய சோற்றுப் பார்சல் வீதியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. மேசையில் இருந்தவர் முறைப்பாட்டை எழுதவில்லை.

"மல்லி யாராவது பெட்டையோட போயிருப்பார், நங்கி. ரெண்டு நாள் பாருங்க."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி, நங்கி தங்கச்சி. சொல்லிவிட்டுப் பல்லைக் குத்தினார்.

நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சாளர். அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். தவணை. தவணை. எதிர்த்தரப்பு வராத தவணை. கோப்பு கிடைக்காத தவணை. நீதிபதி மாறிய தவணை. இதற்கிடையில் போர் முடிந்தது என்றார்கள். வீதியில் பட்டாசு. பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா கதவைச் சாத்தினார்.

மனு தள்ளுபடியானது. சட்டத்தரணி ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இங்க முடிஞ்சுது, ஸ்டெல்லா. ஜெனீவாவில ஐ.நா.வுக்கு எழுதுவம். அரசாங்கமே கையெழுத்துப் போட்ட மனித உரிமை ஒப்பந்தம் இருக்கு. அதைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கு. தனியாளும் முறையிடலாம்."

பதினாறு வருடம் மற்றவர்களின் துயரத்தைத் தட்டச்சு செய்த விரல்கள் இவை. பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் தம்பியின் பெயரை அடிக்கும்போது மூன்று முறை பிழை விட்டேன்.

அம்மா கேட்டார். "அங்க இருந்து ஆள் வருவாங்களா?"

"கடிதம் வரும், அம்மா."

"கடிதம் போய் ஆமி காம்ப் கதவத் தட்டுமா?"

நான் கடித உறைக்குப் பசை தடவினேன்.

அரசாங்கம் குழுவுக்கு அனுப்பிய பதிலின் பிரதி எங்களுக்கு வந்தது. ஒரு பக்கம். அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை. வெளிநாடு போயிருக்கலாம். தம்பியின் பெயர் பிழை. கீழே ஒரு கையெழுத்து, அழகான கையெழுத்து, அதன்கீழ் ஒரு பெயர்.

நாலு வருடம் கழித்து குழு முடிவு சொன்னது. அரசாங்கம் ஒப்பந்தத்தை மீறியது. தேட வேண்டும். விசாரிக்க வேண்டும். செய்ததை நூற்றெண்பது நாளுக்குள் அறிவிக்க வேண்டும். நான் அழுதேன். ஐயா அந்தக் கடிதத்தின் தலைப்பைக் காட்டினார். அதற்குப் பெயர் தீர்ப்பு இல்லை. 'கருத்து'.

அம்மா கலண்டரில் நாள் வெட்டினார். நூற்றெண்பதும் வெட்டி முடித்தார். ஒருவரும் வரவில்லை. குழு நினைவூட்டல் அனுப்பியது. இன்னொரு நினைவூட்டல். அம்மா செத்துப்போனார். அதற்குப் பிறகு குழு, சொன்னதைச் செய்ததா என்று பார்த்து அரசாங்கத்துக்குப் புள்ளி போட்டது. ஆகக் குறைந்த புள்ளி. பெயிலான பிள்ளைக்கு அடியும் இல்லை, வகுப்பு மறிப்பும் இல்லை.

பிறகு ஒரு கூட்டம். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல். ஒப்பந்தங்களின் கண்காணிப்பு முறையைச் சீர்திருத்திப் பலப்படுத்தக் கலந்துரையாடல். காலை முழுக்கப் பேசினார்கள். அரசாங்கங்கள் தரும் அறிக்கைகள் எத்தனை பக்கம் இருக்கலாம். எந்த மொழிகளில் மொழிபெயர்க்கலாம். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கேட்கலாம். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சார்பில் பேச எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள்.

நான் ஒன்றுதான் சொன்னேன்.

"பக்கத்தைக் குறைக்கிறது உங்கட விருப்பம். ஆனா கருத்துச் சொன்னா, அடுத்த கிழமையே ஒரு ஆள் வந்து காம்ப் கதவத் திறந்து பார்க்கவேணும். மறிச்சா, மறிச்சவன்ட பேரை உலகத்துக்குச் சொல்லவேணும். அது இல்லாட்டி என்னை மாதிரி ஆக்களை எழுதச் சொல்லாதீங்க."

கைதட்டினார்கள். ஓம், கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரம் ஒருவர் என்னிடம் வந்தார். மனதைத் தொட்டது என்றார். விசிட்டிங் கார்ட் தந்தார். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். அரசாங்கத்தின் பதிலில் அந்த அழகான கையெழுத்துக்குக் கீழே இருந்த பெயர்.

"என்ட தம்பி வெளிநாட்டில எந்த நாட்டில, சேர்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகுதான் விளங்கியது அவருக்கு.

"அது வேற பிரிவு எழுதித் தந்தது, மிஸ். நான் சைன் மட்டும்தான் வச்சது."

கையில் வட்டிலப்பம் இருந்தது. அடுத்த கரண்டியை வாயில் வைத்தார். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் வருவது கோபம் இல்லை. அருவருப்பு. பேசி முடித்துக் கைதட்டலுக்காக நான் காத்து நின்ற அரை நிமிடத்தை நினைத்தாலும் அதே.

எண்ணிச் சொல்கிறேன். அம்மா போனார். அன்ரனுக்குக் கலியாணம் பேசியிருந்த தெஹிவளைப் பிள்ளை ஆறு வருடம் காத்திருந்தாள். போதும், வேறு ஒருவரைக் கட்டிக்கொள் என்று நானே போய்ச் சொன்னேன். ஐயாவும் இல்லை இப்போது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் அந்த வருடம் வான் கொண்டுபோனவர்கள் நால்வர். தையல் கடை ரவி. சங்கீத மாஸ்டரின் மகன் ஜூட். சைக்கிள் திருத்தும் நஸீர். என் தம்பி அன்ரன். நால்வரில் ஜெனீவா கருத்துச் சொன்னது ஒருவனுக்கு. திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை.