டாப்பெட் சத்தம்

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேருடைய வண்டியில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. இருக்கைக்கு அடியில் ஒரு தண்ணீர்ப் புட்டி உருண்டுகொண்டிருக்கும். கதவு இடுக்கில் பிள்ளைகள் போட்ட கோலிக்குண்டு கிடக்கும். ஒருமுறை ஒரு பள்ளி ஆசிரியை, எஞ்சின் முனகுகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. தாயும் சேயும் நலம் என்று சொல்லி அனுப்பினேன்.

மீதிப் பாதிப் பேருக்குத்தான் நான் தேவைப்பட்டேன். பட்டறையில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ஐயா. 'காது' என்பார்கள். "காது இருக்காரா? காதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பிரிங்கப்பா" என்று வாடிக்கையாளர்களே சொல்வார்கள். நான் கேட்டுச் சொல்லாமல் எந்த எஞ்சினிலும் ஸ்பானர் படக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வண்டியின் அருகே எனக்கு ஒரு முக்காலி போடுவார்கள். நான் உட்கார்ந்ததும் கம்பிரசரை நிறுத்திவிடுவார்கள், சுத்தியல் ஓயும், வெல்டிங் போடுகிறவர்கூடக் கையை எடுத்துவிடுவார். ஒரு மனிதன் கேட்பதற்காக ஒரு பட்டறை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பட்டறை என் மாப்பிள்ளையுடையது. அதாவது என் தங்கையின் கணவருடையது. அங்கே வந்த கூட்டம் என் காதுக்கு வந்தது. இந்த வேறுபாட்டை அவர் நீண்ட காலம் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு மறந்துவிட்டார். நான் செய்ததற்குக் காரணம் அதுதான். காரணத்தை முதலில் சொல்லிவிட்டால் உங்களுக்கு வாக்குமூலம் எழுதுவது எளிது.

மாப்பிள்ளை சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர். ஆனால் சிரிப்பில் எப்போதும் ஒரு ஆணி இருக்கும். எனக்குப் பாம்புச் செவி என்று ஒரு வாடிக்கையாளர் புகழ்ந்தபோது அவர் சொன்னார்: "ஆமா ஆமா, பாம்புச் செவிதான். பாம்புக்குக் காதே கிடையாது, தெரியுமில்ல?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு லாரி வந்தது. பேரிங் போய்விட்டது என்று சொன்னேன். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது பேரிங் நன்றாகவே இருந்தது. பேரிங்குகள் சில சமயம் அப்படி நடந்துகொள்ளும். ஆனால் மாப்பிள்ளை, லாரிக்காரர், பெயிண்டர், தேநீர் கொண்டு வந்தவர் என அத்தனை பேர் முன்னாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "காது கேக்காத காதை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை எஞ்சினைத்தான் மச்சான் பிரிக்கிறது?"

இம்முறை நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததைக் கண்டு மற்றவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

மறு வாரமே என் முக்காலியில் புதிய மெக்கானிக் உட்கார்ந்தார். அவரிடம் ஒரு சிறிய மெஷின் இருந்தது. ஒயரைச் செருகினால் திரையில் எழுத்து வரும். என்னை உதிரிபாக அறைக்கு மாற்றினார்கள். கம்பிவலை அடித்த ஒரு ஜன்னல்; அதன் வழியே பில்டரும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். "உக்காந்த இடத்துல வேலை மச்சான். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்றார் மாப்பிள்ளை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பூமியைக் கேட்கவில்லை. என் முக்காலியைத்தான் கேட்டேன்.

கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிந்திக்க நிறைய நேரம் கிடைக்கும். மாப்பிள்ளை கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவர் கழுத்தின் பின்புறத்தைப் பார்ப்பேன். அடிப்பதற்காக அல்ல, நான் கை நீட்டுபவன் அல்லன். அவர் ஒருநாள் என் காதை நம்பியாக வேண்டும், அன்று அந்த நம்பிக்கையே அவருக்குக் கூலியாக வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். நான் அவசரப்படவில்லை. உள்ளே தேய்மானம் இருந்தால் எந்த எஞ்சினும் ஒருநாள் சத்தம் போட்டே தீரும்.

என் செவியைப் பற்றி மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இக்காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. சொல்லை மென்று விழுங்குகிறார்கள். எஞ்சின்களும் அப்படித்தான், அடக்கி வாசிக்கின்றன. தங்கைகூட ஒருமுறை, "அண்ணே, ஒரு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரலாமே, நானும் கூட வர்றேன்" என்றாள். அவள் மனத்தில் கெடுதல் இல்லை. மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

சம்பவத்தன்று காலையில் வண்டியை என்னிடம் கொண்டுவரச் செய்தவளும் தங்கைதான். அவளும் மாப்பிள்ளையும் ஒரு திருமணத்துக்காக நெடுந்தூரம் போகவிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு, ஆகவே அவர்கள் என் வீட்டில் இருந்தார்கள். அவள் கம்பிவலையருகே வந்து நின்றாள். புதுப் புடவை, கைப்பையில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு சீப்பு.

"அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. கொஞ்சம் சூடானதும் போயிடுது. நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லு."

"மெஷின்ல போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் காட்டலை. நேரமாகுது, கிளம்பு" என்றார் மாப்பிள்ளை வண்டியிலிருந்தபடியே.

"மெஷின் என்ன, எங்கண்ணனா? அண்ணன் காதுல போடாம நான் ஏற மாட்டேன்."

"சரிம்மா, கேக்கட்டும். கேட்டா சந்தோஷம்."

நான் வெளியே வந்தேன். எனக்காக முக்காலியை யாரும் போடவில்லை, கம்பிரசரையும் நிறுத்தவில்லை. நீண்ட திருப்புளியை எடுத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டேன். அண்மைக் காலமாக நான் அப்படித்தான் கேட்கிறேன்; இரும்பு வழியே வருகிற ஒலி எலும்பில் நேராக இறங்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்க வேண்டும். வால்வைத் தட்டுகிற டாப்பெட் சற்றுத் தளர்ந்தால் டிக் டிக் என்று ஒலிக்கும், அது தீங்கற்றது. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் ஏறத்தாழ அதே டிக் டிக்தான். முன்னது இரும்பை இரும்பு தட்டுவது. பின்னது இடுக்கில் காற்று துப்புவது. முதலாவதைத் திருப்புளியால் கேட்கலாம். இரண்டாவதற்கு ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து அருகே நீட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற பிழை. நான் செய்யாத பிழை.

புதிய மெக்கானிக் என் தோளருகே வந்து சொன்னார்: "மாஸ்டர், இது டாப்பெட் மாதிரி இல்லை. புகைக் குழாயில லீக் இருக்கும்போல. டியூப் வச்சு ஒரு தடவை பாத்துருங்களேன்."

"உன்னைக் கேட்டேனா?" என்றேன். பிறகு பானெட்டை மூடிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னேன்: "டாப்பெட் சத்தம். வயசான வண்டி, மூட்டு சொடுக்கு விடுது. தைரியமா போய்ட்டு வாங்க."

தங்கைக்கு முகமெல்லாம் பெருமை. "சொல்லிட்டாருல்ல, எடுங்க" என்று ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கி, "சரி மச்சான், உங்க காதை நம்பித்தான் போறோம்" என்றார். அந்த வாக்கியத்துக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஓடுகிற வண்டியில் கசிகிற புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கிற வண்டியில் அது எங்கும் போகாது; உள்ளே இறங்கி, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். மாப்பிள்ளைக்குச் சாப்பிட்டதும் உறக்கம் வரும். நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை ஓடவிட்டுத் தூங்குவார். வியர்வை அவருக்கு ஆகாது. அதைக் குடும்பத்தில் அறியாதவர் இல்லை. அவர் தூங்கும்போது தங்கை எழுப்ப மாட்டாள். தானும் இருக்கையைச் சாய்த்துக்கொள்வாள். அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் அறிந்துதான் சொன்னேன். அவளைத் தனியே நிறுத்திக்கொள்ள வழி இருக்கவில்லை. நிறுத்தியிருந்தால் மாப்பிள்ளை ஐயப்பட்டிருப்பார்.

சாலையோர மரத்தடியில் அவர்களைக் கண்டபோதும் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்ததாகச் சொன்னீர்கள். நல்ல எஞ்சின் அது.

நடந்தது இவ்வளவே. ஆனால் நீங்கள் இதை ஏற்க மறுக்கிறீர்கள். உங்கள் மறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். திருப்புளி வழியே கசிவு கேட்காது என்று நிபுணர் சொன்னாராம். உண்மை. எனக்கு அது வெறுங்காதிலேயே கேட்டுவிட்டது. திருப்புளி ஊரார் பார்வைக்கு. மருத்துவர் ஒருவர் வந்து என் காதில் ஹெட்போன் குமிழைப் பொருத்தி, ஒலி கேட்டால் விரலை உயர்த்தச் சொன்னார். பெரும்பாலான நேரம் என் விரல் மேசையிலேயே இருந்தது என்று எழுதியிருக்கிறார். அந்த அறையில் மின்விசிறியின் இரைச்சல் அதிகம். அதை அவர் எழுதவில்லை.

என் மனைவி சொன்னதையும் வாசித்துக் காட்டினீர்கள். அன்று நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "பாத்தியா, மறுபடியும் என்கிட்டதான் வந்து நின்னாங்க" என்று சொன்னேனாம். தங்கையின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்களுடைய அம்மா என்னை எப்படி விட்டுக் கொடுக்காமல் பேசினாள் என்று நடித்துக் காட்டினேனாம். செய்தி வந்தபோது வாசற்படியிலேயே விழுந்து, எழுப்ப முடியாமல் கிடந்தேனாம். ஐயா, பழி தீர்த்த மனிதன் மகிழ்வது இயல்பு. பழி தீர்த்த மனிதனும் விழலாம். அதற்கு எதிராக எந்த விதியும் இல்லை.

நீங்கள் இரக்கமுள்ளவர். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "பெரியவரே, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உண்மையும் அதுதானே? அந்தப் பிள்ளைங்களுக்கு இனி நீங்கதான் இருக்கீங்க. அம்மா அப்பாவைக் கொன்னவர்னு தெரிஞ்சா உங்க கையால ஒரு வாய் சாப்பிடுவாங்களா?"

சாப்பிட மாட்டார்கள். அதை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ஆனால் மாற்று என்ன? ஊரே வாய் பொத்திச் சொல்லிக்கொண்டிருந்தது மெய் என்று நானே கையெழுத்துப் போட வேண்டும். என் தங்கை வைத்த நம்பிக்கை ஒரு செவிடன்மேல் வைத்த நம்பிக்கை என்று ஆகிவிடும். மாப்பிள்ளை சொன்னது சரியென்று ஆகிவிடும். அவர் இறந்த பிறகும் அந்தச் சிரிப்பை அவருக்குத் தர நான் ஒருப்பட மாட்டேன். தங்கையைக் கொன்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எஞ்சியிருப்பது இன்று காலை காவல் நிலையத்து முற்றத்தில் நடந்தது. அதை நீங்கள் வேறுவிதமாகப் பதிந்துவிடக் கூடும் என்பதால் நானே சொல்கிறேன். ஒரு வெள்ளைக் காரின் முன் என்னை நிறுத்தினீர்கள். பானெட் மூடியிருந்தது. "இதுலயும் அதே மாதிரி சத்தம்னு சொல்றாங்க. டாப்பெட்டா, லீக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டேன். காவலர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பட்டறையில் ஒரு காலத்தில் நிறுத்தியது போலவே. கேட்டது, ஐயா. டிக், டிக், டிக். அதன் ஓரத்தில் மெல்லிய உமிழ்வு. "லீக். மூணாவது சிலிண்டர் பக்கம்" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. சாவி உங்கள் உள்ளங்கையில் இருந்தது. ஒரு காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அதில் வியப்பில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கும். ஆகவே சற்று நேரம் மட்டும் ஓடவிட்டு, நான் கண்ணைத் திறப்பதற்குள் அணைத்துவிட்டீர்கள். உங்கள் தொழிலில் இப்படியெல்லாம் சோதிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வருத்தமில்லை.

அந்த வண்டியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். கசிவை உடனே அடைக்கச் சொல்லுங்கள். யாராவது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே தூங்கிவிடப் போகிறார்கள்.