குடோனுக்கு ஒரு சூப்பர்வைசர்

சத்தியநாதன்: ...இல்ல ஜெயசீலி, நல்லா இழுத்துப் பாத்துட்டேன். ஷட்டர் அசையவே மாட்டேங்குது. வெளியில பூட்டு போட்டிருக்காரு.

ஜெயசீலி: யாரு?

சத்தியநாதன்: வேற யாரு? வாட்ச்மேன் ஜியாவுல்லா பாய்தான்.

ஜெயசீலி: ஏசப்பா! உள்ள ஆள் இருக்குதான்னு ஒரு குரல் குடுக்க வேணாம்?

சத்தியநாதன்: அதான... ஒரு குரல் குடுக்க வேணாம்?

ஜெயசீலி: சரி, நீங்க கத்துங்கண்ணா.

சத்தியநாதன்: நானா?

ஜெயசீலி: ஆம்பள குரல். நல்லா கேக்கும்.

சத்தியநாதன்: தொண்ட கட்டியிருக்குதும்மா. ஞாயித்துக்கிழம கோயில்ல ரொம்பப் பாடிட்டேன். நீ கத்தேன்.

ஜெயசீலி: நல்லா சொன்னீங்க! பொம்பள கத்தினா உள்ள இன்னாவோ ஆயிடிச்சுன்னு மொத்த கம்பெனியும் ஓடியாரும். தெறந்து பாத்தா நீங்களும் நானும் நிக்கறோம். நாளைக்கு இன்னா பேசுவாங்க?

சத்தியநாதன்: அதுவும் சரிதான்... மெதுவா தட்டிப் பாக்கலாம்.

ஜெயசீலி: ம்... மெதுவா தட்டுங்க.

சத்தியநாதன்: பாய்... ஓ பாய்...

ஜெயசீலி: இன்னாண்ணா, தூங்கற கொழந்தைய எழுப்பற மாதிரி தட்டறீங்க?

சத்தியநாதன்: நீதான மெதுவான்னு சொன்ன?

ஜெயசீலி: சொன்னேன், சொன்னேன். இதுக்கு மேல தட்டினா ஷட்டர் நெளிஞ்சி போவும். விடுங்க, அவரே வருவாரு.

சத்தியநாதன்: எப்ப வருவாரு? அங்க மீட்டிங் ஆரம்பிச்சிருக்கும்.

ஜெயசீலி: முதலாளி வந்துட்டாரா?

சத்தியநாதன்: மக்பூல் அகமது சாயபு காரு அப்பவே மெயின் கேட்டத் தாண்டிடுச்சு. மெட்ராஸ்ல இருந்து இதுக்குன்னே வர்றாரு. ராமமூர்த்தி சாரு ராணிப்பேட்டைக்கு வேற கம்பெனிக்குப் போனதுல இருந்து நம்ம பேக்கிங் குடோனுக்கு சூப்பர்வைசர் இல்லாம கெடக்குது. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஆளக் கூப்ட்டு, ஒரு கேள்வி கேட்டு, அங்கயே சொல்லிடுவேன்னுட்டாராம்.

ஜெயசீலி: எனக்கும் தெரியும்ண்ணா. உங்கள இல்லன்னா என்னத்தான் போடுவாங்கன்னு கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் பேச்சு.

சத்தியநாதன்: பேச்சுதான்... எனக்கெல்லாம் அந்த ஆசையே கெடையாது.

ஜெயசீலி: எனக்கு மட்டும் இருக்குதா இன்னா?

சத்தியநாதன்: நீ வந்தா சந்தோஷம்தான்.

ஜெயசீலி: நீங்க வந்தா அதவிட சந்தோஷம்.

சத்தியநாதன்: ம்...

ஜெயசீலி: ம்... ஆமா, மீட்டிங்குக்கு எல்லாரும் கெளம்பிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் உள்ள வந்தீங்க?

சத்தியநாதன்: இது நல்லா இருக்குதே! கடைசி வரிசையில பெட்டிக்குப் போட்ட பட்டை லூசா இருக்குது, ஒரு நடை பாத்துட்டு வாங்கண்ணான்னு யார் சொன்னது?

ஜெயசீலி: சொன்னேன்... லூசா இருக்கற மாதிரி தெரிஞ்சிது.

சத்தியநாதன்: கல்லு மாதிரி இருக்குது. அது போகட்டும், நீ எதுக்கு உள்ள வந்த?

ஜெயசீலி: நீங்கதான சொன்னீங்க, ஹாம்பர்க் போற பெட்டியில ஆம்பள ஷூ பக்கத்துல பொம்பள ஷூ ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது, நீ பாத்தாதான் சரியா வரும்னு?

சத்தியநாதன்: ஆமா... இருந்துதா?

ஜெயசீலி: ஒண்ணுகூட இல்ல.

சத்தியநாதன்: அப்ப நல்லதாப் போச்சு.

ஜெயசீலி: இன்னா நல்லது? வேர்த்துக் கொட்டுது. அண்ணா, மேல அந்த ஜன்னல் வழியா பாத்தா மீட்டிங் தெரியும் இல்ல?

சத்தியநாதன்: தெரியும். ஆனா பெட்டி மேல ஏறணும். எக்ஸ்போர்ட் பெட்டி மேல கால் வச்சா...

ஜெயசீலி: வையுங்க. யார் இருக்காங்க பாக்கறதுக்கு? நான் புடிச்சிக்கறேன்.

சத்தியநாதன்: கெட்டியா புடி... இன்னும் ஒண்ணு... ஆ!

ஜெயசீலி: இன்னாச்சு?

சத்தியநாதன்: கால் உள்ள போய்டுச்சு.

ஜெயசீலி: எதுக்குள்ள?

சத்தியநாதன்: பெட்டிக்குள்ள. ஷூவு மேல நிக்கறேன்.

ஜெயசீலி: உங்க சைஸா பாருங்க.

சத்தியநாதன்: சிரிக்காத! நான் விழுந்தா நீயும் கீழதான் இருப்ப.

ஜெயசீலி: சரி சரி, இன்னா தெரியுது, சொல்லுங்க.

சத்தியநாதன்: பந்தல் தெரியுது... சாயபு உக்காந்திருக்காரு. மானேஜர் பக்கத்துல நின்னு வேர்வய தொடச்சிக்கிறாரு. நம்ம செக்‌ஷன் பொண்ணுங்க எல்லாம் எடது பக்கம். குர்ஷித் தெரியுது. முன் வரிசையில... அட, கோவிந்தசாமி!

ஜெயசீலி: நம்ம கோவிந்தசாமியா?

சத்தியநாதன்: அவனேதான். முன் வரிசையில, நட்ட நடுவுல. தல சீவி, சட்டைய உள்ள விட்டு...

ஜெயசீலி: தூங்கறதுக்கு நாற்காலி கெடைச்சிருக்கும். இங்க பெட்டிக்குப் பின்னாடி தூங்கறாரு, அங்க பந்தல்ல தூங்குவாரு. எறங்குங்கண்ணா, எனக்குக் கை வலிக்குது.

சத்தியநாதன்: எறங்கறேன்... அப்பாடா. இந்தப் பெட்டிய இன்னா பண்றது?

ஜெயசீலி: திருப்பி வையுங்க. ஓட்டை செவுத்துப் பக்கம் போய்டும்.

சத்தியநாதன்: நீ சூப்பர்வைசர் ஆகற ஆளுதான்.

ஜெயசீலி: கிண்டலா? ...அண்ணா, ராமமூர்த்தி சாரு நாற்காலி இங்கயே கெடக்குது பாருங்க.

சத்தியநாதன்: ஆமா. அவர் போன நாளா அதுல யாரும் உக்காரல.

ஜெயசீலி: நான் உக்காரட்டா?

சத்தியநாதன்: உக்காரு. யார் கேக்கறது?

ஜெயசீலி: ஆ... கர்த்தாவே. காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் நின்னு நின்னு காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கிப் போவுது. மெத்தைய பாருங்கண்ணா, இவ்ளோ மெத்துனு இருக்குது. இதுல உக்காந்துகிட்டுதான் அந்த மனுசன் எந்நேரமும் மூஞ்சிய அப்படி வச்சிருந்தாரா?

சத்தியநாதன்: எப்படி?

ஜெயசீலி: இப்படி. ‘ஏய்! அங்க இன்னா பேச்சு? கை வேல செய்யட்டும், வாய் எதுக்கு?’

சத்தியநாதன்: ஹா... ஹா... அப்படியே அவர் குரல்!

ஜெயசீலி: ‘சத்தியநாதன்! ஏன் சிரிக்கற? ஷூவுக்கு உள்ள சிரிப்பு போய்டும், ஜெர்மன்காரன் திருப்பி அனுப்பிடுவான்.’

சத்தியநாதன்: போதும், போதும்... வயிறு வலிக்குது. போன வருஷம் கிரிக்கெட்ல உலகக் கோப்ப வாங்கினதுக்கு அடுத்த திங்கக்கிழம, ஞாபகம் இருக்குதா?

ஜெயசீலி: மறப்பேனா? எவனோ ஸ்கோர் சொன்னான், நாம கைதட்டினோம். தட்டின கையெல்லாம் சாப்பாட்டு வேளையில வெளியில நிக்கட்டும்னு வெயில்ல நிக்க வச்சாரு. எனக்குக் கிரிக்கெட்டுன்னா இன்னான்னே தெரியாது. எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன்.

சத்தியநாதன்: அதுல இருந்துதான் இந்த குடோனே இழவு வீடு மாதிரி ஆச்சு. போன மாசம் ஒரு வெள்ளைக்காரன் வந்து சுத்திப் பாத்தான் இல்ல, அவன் மானேஜர்கிட்ட இன்னா கேட்டான் தெரியுமா? ‘இவங்க வீட்ல யாராவது செத்துட்டாங்களா?’ன்னு கேட்டானாம்.

ஜெயசீலி: நெஜமாவா?

சத்தியநாதன்: நெஜமா. அதக் கேட்டுட்டுதான் சாயபு, சிரிச்ச மொகமா வேல வாங்கற ஆளா பாத்துப் போடணும்னு கெளம்பி வந்திருக்காரு.

ஜெயசீலி: நீங்க வந்தா இன்னா பண்ணுவீங்கண்ணா?

சத்தியநாதன்: எனக்குத்தான் ஆசையே இல்லன்னு...

ஜெயசீலி: சும்மா சொல்லுங்க. பூட்டிக் கெடக்கறோம், பேசினா பொழுது போவும்.

சத்தியநாதன்: ...மொதல்ல பேச வுடுவேன். கை பாட்டுக்கு வேல செய்யும், வாய் பாட்டுக்குப் பேசட்டும். ஒரு ரேடியோ வச்சிடுவேன். அப்பறம்... உண்மைய சொல்லட்டா? மாமனார் வீட்டுக்குப் போவேன்.

ஜெயசீலி: சூப்பர்வைசர் ஆனதும் மாமனார் வீடா?

சத்தியநாதன்: காட்பாடியில அவங்க வீட்ல எல்லாரும் வாத்தியாரு, நர்சு. என் வீட்டுக்காரியும் பெரிய ஆஸ்பத்திரியில நர்சு. கிறிஸ்மசுக்குப் போனா மாமனார் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வாரு. ‘இவர் பெரிய மாப்பிள்ள, ஹெட்மாஸ்டர். இவர் ரெண்டாவது மாப்பிள்ள, கணக்கு வாத்தியார்.’ என்கிட்ட வரும்போது... ‘இவரு... ஆம்பூர்ல இருக்காரு.’

ஜெயசீலி: அவ்ளோதானா?

சத்தியநாதன்: அவ்ளோதான். ஆம்பூர்ல இருக்காரு. அது ஒரு உத்தியோகமா, சொல்லு?

ஜெயசீலி: ஐயோ பாவம்... சிரிப்பும் வருது, கஷ்டமாவும் இருக்குது.

சத்தியநாதன்: நீ சிரி. நீ வந்தா இன்னா பண்ணுவ?

ஜெயசீலி: எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு முக்காலி. உக்காந்து பேக் பண்ணா ஷூ கோச்சிக்குமா? மாசமா இருக்கற பொண்ணுங்ககூட நின்னுகிட்டே வேல செய்யுதுங்க. போன தடவ ரோஸ் மயங்கி விழுந்தா இல்ல? விழுந்தவள தூக்காம, அவ கையில இருந்த டப்பாவ எடுத்து அடிபட்டிருக்குதான்னு பாத்தாரு அந்த மனுசன். அன்னிக்குதான் எனக்கு இந்த நாற்காலி வேணும்னு தோணிச்சு.

சத்தியநாதன்: ...அப்ப ஆசை இருக்குது.

ஜெயசீலி: ...இருக்குது. உங்களுக்கும் இருக்குது.

சத்தியநாதன்: இருக்குது.

ஜெயசீலி: பொய் சொன்னோம் ரெண்டு பேரும்.

சத்தியநாதன்: ஜெயசீலி... நான் ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காத...

ஜெயசீலி: நானும்தான் ஒண்ணு... இருங்க, இருங்க! மைக் சத்தம்.

சத்தியநாதன்: கம்னு இரு. இன்னா சொல்றாங்க?

ஜெயசீலி: ‘பேக்கிங் செக்‌ஷன்... சத்தியநாதன்... மேடைக்கு வரவும்.’ அண்ணா, உங்களக் கூப்பிடறாங்க!

சத்தியநாதன்: ஐயய்யோ! நான் இங்க இருக்கேன்! சார்! சார்! பாய்ய்ய்!

ஜெயசீலி: தொண்ட கட்டியிருக்குதுன்னீங்க?

சத்தியநாதன்: இப்பதான் வுட்டுது! தட்டு, நீயும் தட்டு!

ஜெயசீலி: இருங்க... அடுத்து... ‘ஜெயசீலி... ஜெயசீலி எங்கிருந்தாலும்...’ சார்! நாங்க இங்க இருக்கோம்! குடோன்ல! ஏய் குர்ஷித்! யாராவது தெறங்களேன்!

சத்தியநாதன்: பொம்பள கத்தினா தப்பா பேசுவாங்கன்ன?

ஜெயசீலி: பேசட்டும்! இன்னா வேணா பேசிக்கட்டும்! அந்த ஷட்டர ஒதைங்கண்ணா!

சத்தியநாதன்: ஒதைக்கறேன்... ஜெனரேட்டர் ஓடுது, எவனுக்கும் கேக்காது...

ஜெயசீலி: மைக் சத்தமே இல்ல இப்ப... இன்னா நடக்குது?

சத்தியநாதன்: சிரிக்கறாங்க. எல்லாரும் சிரிக்கறாங்க.

ஜெயசீலி: கைதட்டறாங்க.

சத்தியநாதன்: ...முடிஞ்சிது.

ஜெயசீலி: யாருக்கோ குடுத்துட்டாங்க.

சத்தியநாதன்: அழாத. கண்ண தொட. அடுத்த தடவ...

ஜெயசீலி: அடுத்த தடவ எப்ப? ராமமூர்த்தி சாரு பதினோரு வருஷம் உக்காந்தாரு இதுல. நீங்க மட்டும் இன்னா, உங்க மொகத்த பாத்தா எனக்கு மேல அழுதுடுவீங்க போல இருக்குது.

சத்தியநாதன்: ஏதோ ஆள் வர்ற சத்தம்...

ஜியாவுல்லா: வந்துட்டேன், வந்துட்டேன்! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஷட்டர தூக்கறேன்... யா அல்லா, இன்னா இப்படி நனைஞ்சி போய்ட்டீங்க ரெண்டு பேரும்?

ஜெயசீலி: இன்னா பாய் நீங்க! உள்ள ஆள் இருக்கறது தெரியாம பூட்டிட்டுப் போய்ட்டீங்களே!

ஜியாவுல்லா: தெரியாமயா?

சத்தியநாதன்: தெரியாமதான் பாய்! தெரியாமதான் பூட்டிட்ட, அத விடு. சூப்பர்வைசர் யாரு? அத சொல்லு.

ஜியாவுல்லா: கோவிந்தசாமி.

ஜெயசீலி: எந்த கோவிந்தசாமி?

ஜியாவுல்லா: நம்ம குடோன்ல எத்தன கோவிந்தசாமி இருக்காங்கம்மா?

சத்தியநாதன்: பெட்டிக்குப் பின்னாடி தூங்குவானே, அவனா?

ஜியாவுல்லா: மரியாதையா பேசு சத்யா. இனிமே அவர் நாற்காலியில தூங்குவாரு.

ஜெயசீலி: அவர எதுக்குக் கூப்ட்டாங்க?

ஜியாவுல்லா: உங்க ரெண்டு பேரையும் கூப்ட்டுப் பாத்தாங்க, காணோம். வேற யாரு சீனியர்னு கேட்டாரு சாயபு. இவர் எழுந்து நின்னாரு. ‘ஜனங்கள எப்படி சந்தோஷமா வச்சிருப்ப?’ன்னு கேட்டாரு. ‘நான் என் பாட்டுக்கு இருப்பேன் சார், அவங்க அவங்க பாட்டுக்கு இருப்பாங்க’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க பாரு, சாயபுவே எழுந்து கை தட்டிட்டாரு! அங்கயே ஆர்டர்.

சத்தியநாதன்: எல்லாம் உன்னால வந்த பேஜாரு பாய்! ஒரு ஆள் உள்ள இருக்கறது, ரெண்டு ஆள் உள்ள இருக்கறது, கண்ணத் தெறந்து பாக்கறதில்லயா?

ஜெயசீலி: கேளுங்கண்ணா, நல்லா கேளுங்க! பொம்பள உள்ள இருக்கறா, இப்படியா பூட்டுவாங்க? உங்களுக்கு இரக்கமே இல்லயா பாய்?

சத்தியநாதன்: மானேஜர்கிட்ட சொல்றேன், இரு!

ஜியாவுல்லா: அரே, எதுக்கு ரெண்டு பேரும் என் மேல பாயறீங்க? காலையில நீதான வந்து, ‘பாய், மீட்டிங் முடியற வரைக்கும் ஜெயசீலிய உள்ள வச்சுப் பூட்டிடு, நீ என் தோஸ்த் இல்ல’ன்னு கையப் புடிச்ச? நீ அந்தப் பக்கம் போனதும் இந்தம்மா வந்து டீ வாங்கிக் குடுத்து, ‘பாய், சத்யாண்ணா உள்ள போனதும் ஷட்டர எறக்கிடுங்க’ன்னாங்க. நான் ஒருத்தன், யார் பேச்சத் தட்டறது? ஒண்ணும் புரியாம கேட்டாண்ட உக்காந்திருந்தேன். அப்பதான் கோவிந்தசாமி வந்து, இன்னா பாய் மொகம் வாடிப் போயிருக்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். ‘இதுக்குப் போய் ஏன் பாய் கஷ்டப்படற? ரெண்டு பேர் சொன்னதையும் செஞ்சிடு, யார் மனசும் நோகக் கூடாது’ன்னாரு. தங்கமான மனுசன்!