சும்மா இருந்த இடது கால்

ராமேஸ்வரம் பஸ்ஸில், டிரைவரின் கால் தெரிகிற முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். நான் அவர்களுக்குப் பின்னால்.

"பத்து வருசமா என் இடது கால் சும்மாவே இருந்திருக்கு புள்ள" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்தேன்.

"சவுதில எல்லாம் ஆட்டோமேட்டிக். கியரு தானா மாறிக்கிரும். கிளட்சே கிடையாது."

"அதே நெனப்புல நேத்து ரயில்வே கேட்ல வெறும் பிரேக்க மட்டும் மிதிச்சீக. நம்ம வேன் குலுங்கி நின்னுருச்சு."

"பின்னால பூரா ஹாரன். சவுதிக்கே திரும்பப் போயிரலாம்னு தோணுது. விசா இன்னும் இருபது நாள் இருக்கு."

"நீங்க இல்லாதப்ப நான் ஓட்டிப் பழகையில எனக்கும் நின்னுச்சு மச்சான், மீன் பெட்டியோட நடுரோட்ல. இங்கன எஞ்சினையும் சக்கரத்தையும் நம்ம கால்தான் பிரிச்சு விடணும். கியரு மாத்தவும் பிரிக்கணும், நிப்பாட்டவும் பிரிக்கணும். அந்த டிரைவரு காலப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில், டிரைவர் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கணவருடைய இடது செருப்பும் பஸ் தரையை அழுத்தியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உச்சிப்புளியில் இறங்க எழுந்ததும் கணவர் கையை நீட்டினார்.

"ஸ்டாண்டுல நிக்கிற நம்ம வேன் சாவியக் குடு. புதுமடம் வரைக்கும் நான் ஓட்டுறேன்."

"இந்நேரம் ரயில்வே கேட்டு மூடியிருக்குமே."

"மூடியிருக்கட்டும். நிப்பாட்டத்தானே இவ்வளவு நேரம் பழகுனேன்."