வானமாமலையின் வெள்ளை

காலை டிபனை நான் மாட்டுங்காவில்தான் சாப்பிடுவேன். மத்தியானச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே ஒரு மெஸ்ஸில். வீட்டுச் சாப்பாடு பிடிக்காதவன் என்று எங்கள் தாராவிச் சந்தில் எனக்குப் பெயர். அது அபாண்டம். என் வீட்டுச் சமையலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் தினம் எப்படி வேலை செய்கிறேன் என்று உங்கள் சங்க மலருக்காகக் கேட்டீர்கள். என் மனைவி பேராச்சி குழாயடிக்குப் போயிருக்கிறாள். வரிசை பெரிது, வர நேரமாகும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் வந்துவிட்டால் மட்டும் பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள்.

என் படங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. வெள்ளைதான். விடிந்ததும் கான்வாஸ் முன்னால் உட்கார்ந்து சும்மா பார்ப்பேன். தோல் பதனிடும் கொட்டகைகளின் நாற்றம் ஜன்னல் வழியே ஏறி வரும்; பழகிவிட்டது. எதிர்த் தகரக் கூரையில் வெயில் பட்டு அறைக்குள் திரும்பும் நேரத்தில் தட்டைக் கத்தியால் ஒரு பூச்சு. காய்ந்ததும் பாதியைச் சுரண்டுவேன். அதன்மேல் இன்னொரு பூச்சு. எந்த இடத்தைச் சுரண்டாமல் விட வேண்டும் என்று தெரிவதுதான் என் தொழில், மற்றதெல்லாம் உடம்பு வேலை. ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். வெள்ளை டப்பா டப்பாவாகப் போகும்.

ட்யூபில் வரும் வெள்ளை எனக்கு ஆகாது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி சப்பென்று இருக்கும். பெயிண்ட் கடையில் சபேதா என்று ஒரு பொடி விற்கிறார்கள், காரீயத்திலிருந்து எடுப்பது. அதை ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைத்தால் வரும் வெள்ளையில் ஓர் உயிர் உண்டு. அது விஷம். ஓவியப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்: கையில் பட்டால் கழுவு, அது இருக்கும் இடத்தில் சாப்பிடாதே. ஆகவே தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது.

பேராச்சியின் அக்காள் செண்பகவல்லி என் முதல் மனைவி. கல்யாணமான புதிதில் நான் கண்ணாடிப் பலகையில் சபேதாவை அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

“இதென்ன அரைப்பு? நறநறங்குது. தள்ளுங்க, நான் அரைக்கேன். துவையல் அரைக்கத் தெரியாத ஆளு பெயிண்ட் அரைக்க வந்துட்டாவ.”

ஒற்றை அறை வீடு, ஒற்றை அம்மி. அதில் போட்டு அரைத்தாள். வெண்ணெய் தோற்றது. முடித்ததும் தண்ணீர் விட்டு நன்றாகத்தான் கழுவினாள். பிறகு அதே அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்தாள். கொத்திய கல்லுக்குள் எண்ணெயோடு இறங்கிய பொடி தண்ணீருக்குப் போகாது. அதுவும் எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்த வெள்ளை அன்றோடு போச்சு. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அந்த மாதத்திலிருந்துதான் நான் மாட்டுங்காவில் சாப்பிட ஆரம்பித்தேன்.

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. மெஸ்ஸில் சோற்றைப் பிசையும்போதும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்.

அவளுக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. ஈறில் ஒரு நீலக் கோடு விழுந்தது. தரித்த பிள்ளை தங்கவில்லை, அடுத்ததும் தங்கவில்லை. பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து வீட்டு ராபியா சொன்னாள், இவளும் நம்பினாள். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள், அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஒருநாள் அரைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“என்னைக் கட்டி நீங்க என்ன சுகத்தக் கண்டீய? ஒரு பிள்ளையப் பெத்துத் தர வக்கில்லாதவளாப் போயிட்டேன். கோவப்படாதீய.”

மன்னிப்புக் கேட்டது அவள். நான், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, அரை” என்றேன்.

அந்த வருஷம் கோட்டைப் பகுதியில் என் கண்காட்சி நடந்தது. ‘வானமாமலையின் வெள்ளை’ என்று ஆங்கிலப் பத்திரிகையில் தலைப்புப் போட்டார்கள். பார்ஸி அம்மாள் ஒருத்தி படத்தின் முன் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல வேளை, கட்டி தட்டாம அரைச்சேன்” என்று செண்பகவல்லி என் காதில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

போன வருஷம் யுத்தத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோமே, அந்த நாட்களில் அவள் மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. குழவியைப் பிடிக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மராட்டிய டாக்டரம்மா, கெட்டிக்காரி. ஈறைப் பார்த்ததும் என்னிடம் இந்தியில் நேராகவே கேட்டாள்: பெயிண்ட், பாட்டரி, அச்சு எழுத்து என்று ஈயம் புழங்கும் வேலை ஏதாவது இவள் செய்கிறாளா?

செண்பகவல்லிக்கு இந்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். “என்ன கேக்காவ?” என்றாள்.

“சமையல் எப்படின்னு கேக்காங்க.”

“நல்லாச் சமைப்பேன்னு சொல்லுங்க” என்று டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“கர் கா காம், பஸ்” என்றேன். வீட்டு வேலைதான், வேறொன்றுமில்லை. டாக்டரம்மா மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னால் சபேதாவை வீட்டைவிட்டு எடுக்கச் சொல்வாள். வீட்டில் பாதி முடிந்த படம் நின்றது. வேறு எந்த வியாதிக்கோ மருந்து கொடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் வலிப்பு வந்து செத்துப்போனாள். நான்தான் அவளைக் கொன்றேன். வாய்விட்டுச் சொல்வது இன்றுதான்.

மாமனார் ஊரிலிருந்து வந்தார். மூத்தவள் போனால் இளையவளைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். “எம்புள்ளைய ராசாத்தி மாதிரி வச்சிருந்தீரு மாப்ள. சின்னவளையும் நீருதான் பாத்துக்கிடணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பேராச்சி சின்னப் பெண். கலகலவென்று பேசுவாள். அக்காள் செய்த வேலையெல்லாம் தனக்கும் வரும் என்று வந்த வாரமே அம்மி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். டெல்லிக் கண்காட்சிக்குப் பெரிய படம் ஒன்று பாக்கி இருக்கிறது. வலுவான கை, அரைப்பு நன்றாக வருகிறது. நேற்று வயிறு பிடிக்கிறது என்று பொழுது சாயும் முன்பே படுத்துவிட்டாள்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. தை பிறக்கட்டும், படம் டெல்லிக்குப் போய்ச் சேரட்டும். இந்தத் தடவை நானே அவளிடம் சொல்லிவிடுவேன்.