துவைக்காத ஜெர்சி

இயெஸ்டின்: ஐயோ, அம்மா! அதை ஏன் மெஷின்கிட்ட கொண்டு போறே? இப்படிக் குடு!

நெரிஸ்: கத்தாதடா. துவைக்கல. முதல் ரக்பி ஆட்டத்து ஜெர்சியைச் சேத்தோடதான் கிளப் சுவத்துல மாட்டணும்... இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தேழு வருஷமாச்சு, எனக்கே சொல்றியா?

இயெஸ்டின்: அப்புறம் ஏன் மோந்து பாக்கறே?

நெரிஸ்: ஒண்ணு கேக்கறேன். அயர்லாந்துல பெரிய மைதானம்னியே, அங்க ஆடு மேய விடுவாங்களா?

இயெஸ்டின்: என்ன ஆடு?

நெரிஸ்: இதோ, பதினேழாம் நம்பருக்குக் கீழ. ஆட்டுப்புழுக்கை.

இயெஸ்டின்: அது... கல்லா இருக்கும்.

நெரிஸ்: கல்லு நசுங்குமா?

இயெஸ்டின்: செம மழைம்மா. எல்லாம் கலந்து...

நெரிஸ்: சரி, மழை. ஸ்க்ரம்ல எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் குடுத்து முட்டறப்போ, முன்வரிசைக்காரனை எதிராளி எங்க பிடிப்பான்?

இயெஸ்டின்: கக்கத்துல.

நெரிஸ்: உங்கப்பா ஆடின காலத்துல ஒவ்வொரு சட்டையும் அங்கதான் கிழியும். தைச்சுத் தைச்சு என் விரலே போச்சு. இதுல அங்க ஒரு தையல்கூடப் பிரியல.

இயெஸ்டின்: குடும்மா, நான் கொண்டு போறேன்.

நெரிஸ்: எத்தனை நிமிஷம் ஆடினே?

இயெஸ்டின்: பத்து...

நெரிஸ்: இயெஸ்டின்.

இயெஸ்டின்: ஒரு நிமிஷம்கூட இல்ல. எழுபதாவது நிமிஷம் கோச் 'ரெடியாகு'ன்னார். கோட்டைக் கழட்டிட்டு ஓரமா ஓடினேன். அப்புறம் 'உக்காரு'ன்னுட்டார். வேல்ஸ்ல இருந்து கப்பல் ஏறிப் போய், பெஞ்சுல உக்காந்துட்டு வந்தேன்.

நெரிஸ்: அதைச் சொல்லியிருக்கலாமேடா.

இயெஸ்டின்: அப்பா கிளப்ல இருந்து போன் பண்ணினார். பின்னாடி ஊரே கத்துது... 'இறங்கினியா?'ன்னார். 'இறங்கினேன்'னு வாயில வந்துடுச்சு. டிவில காட்டாத ஆட்டம், யாருக்குத் தெரியப் போகுதுன்னு... பஸ்ஸை விட்டு இறங்கி, ஹவல் மாமா மேய்ச்சல்ல ஜெர்சியைப் போட்டு மிதிச்சேன்.

நெரிஸ்: ஆடுங்க முன்னாடியா?

இயெஸ்டின்: மந்தையே நின்னு வேடிக்கை பாத்துச்சு. சிரிக்காதம்மா! பத்தொம்பது வயசு, சம்பளம் வாங்கி ஆடறவன்... எனக்கே அசிங்கமா இருக்கு.

நெரிஸ்: சிரிக்கலடா. இங்க வா.

இயெஸ்டின்: வேண்டாம். சாயங்காலம் எல்லாரும் கூடறதுக்குள்ள அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். அவர் ஜெர்சிக்குப் பக்கத்துல இதைத் தொங்கவிட என்னால முடியாது. அதுல இருக்கறது நெசமான சேறும்மா. சின்னப் பிள்ளையில இருந்து அதைப் பாத்துதானே... எங்க அவரு?

நெரிஸ்: சுத்தியலை எடுத்துக்கிட்டு கிளப்புக்குப் போனார்.

இயெஸ்டின்: எனக்கு ஆணி அடிக்கவா? ஐயோ... இரு, ஆணி டப்பா இங்கயே இருக்கே. மறந்துட்டாரா?

நெரிஸ்: மறக்கல. காலையில உன் பையை முதல்ல திறந்தது அவர்தான். கக்கத்தைப் புரட்டிப் பாத்தார்... டீயைக்கூடத் தொடல.

இயெஸ்டின்: தெரியுமா அவருக்கு! என்ன சொன்னார்? திட்டினாரா?

நெரிஸ்: எப்படிடா திட்டுவார்? அப்பல்லாம் யாருக்காவது அடிபட்டாத்தான் பெஞ்சுல இருக்கறவனை இறக்குவாங்க. அவரோட முதல் ஆட்டத்தன்னிக்கு அவரும் பெஞ்சுலதான், யாருக்கும் அடிபடல. அவர் ஜெர்சியில இருக்கறது நம்ம உருளைக்கிழங்குப் பாத்தி மண்ணு, தேச்சுவிட்டது நான். அதைக் கழட்டத்தான் போயிருக்கார்.